பாதி விலைக்கு ஒரு போர்ஷே: கிரே மார்க்கெட் கார்களின் கதை

நம்ம லிசனர் ஒருத்தர் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சென்னையில் ஐ.டி. வேலை. வாரக்கடைசியில் ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஆரோவில் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டு போய் வருகிற ஆள். குயிலாப்பாளையத்தில் ஒரு காபி கடைப் பழக்கத்தில் அவருக்கு ஒரு விஷயம் காதுக்கு வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பழைய போர்ஷே, பி.ஒய். 01 நம்பர், இதே வண்டி செகண்ட் ஹேண்டில் போகிற விலையில் பாதி. "அண்ணா, வாங்கலாமா? இன்ஜினில் எதைப் பார்க்கணும்?" இதுதான் கேள்வி.

இன்ஜினுக்குக் கடைசியில் வருவோம். முதலில் அந்தப் பாதி விலையைப் பார்க்கணும். ஒரு கார் பாதி விலைக்கு வருதுன்னா, மீதிப் பாதியை யாரோ எங்கேயோ கட்டாமல் விட்டிருக்கலாம். எங்கே விட்டாங்க, அந்த ஓட்டை எப்போ உருவாச்சு, யாரெல்லாம் அது வழியா வந்தாங்க, கடைசியில் மாட்டிக்கிட்டது யாரு? இன்றைய எபிசோடு இதைப் பத்தித்தான்.

அந்த வண்டி நிற்கிற இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். குயிலாப்பாளையம் தமிழ்நாடு. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஆனால் அங்கே அரை மணி நேரம் நின்று நம்பர் பிளேட் எண்ணிப் பாருங்க, பி.ஒய். வண்டிகள் கணக்கில்லாமல் போகும். காரணம் தெரிந்ததுதான்: தெற்கே கொஞ்ச தூரத்தில் கோட்டக்குப்பம் முடிந்து முத்தியால்பேட்டை ஆரம்பிக்கிற இடத்தில் மாநில எல்லை. இன்றைக்கு அந்தக் கோடு பெரும்பாலும் சரக்கு விலைக்கும் பெட்ரோல் விலைக்கும்தான் நம்ம நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அது இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த சுங்க எல்லை. பிரெஞ்சு இந்தியாவோடு 1941-இல் போட்டிருந்த சுங்க ஒப்பந்தம் 1949-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் இந்த ஊர்களைச் சுற்றி இந்திய சுங்கக் காவல் இறுகியது. அந்தப் பக்கம் வந்திறங்கிய வெளிநாட்டுப் பொருள்கள் இந்தப் பக்கம் கடத்தப்பட்டன. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது, 1962-இல் சட்டப்படி இணைந்தது. சுங்கச்சாவடி போய்விட்டது, வரி வித்தியாசம் மட்டும் வேறு வேறு உருவத்தில் தங்கிவிட்டது. கோடு இருக்கிற இடத்தில் வியாபாரம் இருக்கும், இல்லையா?

'கிரே மார்க்கெட்' என்ற பேரைக் கார் உலகத்தில் பிரபலமாக்கியது அமெரிக்கா. 1980-களின் முதல் பாதியில் டாலர் பலமாக இருந்தது. ஜெர்மனியில் ஒரு பென்ஸ் வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவருவது, உள்ளூர் ஷோரூமில் வாங்குவதைவிடச் சல்லிசு. போதாக்குறைக்கு லம்போர்கினி கவுன்டாக் மாதிரி சில வண்டிகளை அங்கே கம்பெனியே அப்போது முறையாக விற்கவில்லை. ஆக, ஆளாளுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த வண்டிக்குக் கதவுக்குள் இரும்புக் கம்பி வைத்து, பம்பரை மாற்றி, புகைக்கு ஒரு கன்வெர்ட்டர் பொருத்தி, 'அமெரிக்க விதிப்படி மாற்றியாச்சு' என்று ஒரு சான்றிதழ் வாங்கணும். சில பட்டறைகள் ஒழுங்காகச் செய்தன. சில பட்டறைகள் சான்றிதழை மட்டும் ஒழுங்காகச் செய்தன. 1985-இல் மட்டும் இப்படி 60,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் இறங்கின. ஷோரூம்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1988-இல் சட்டம் வந்தது, கதவு மூடியது. இன்றுவரை அங்கே 25 வயது ஆன வண்டிக்குத்தான் சுலபமான வழி.

நம்ம ஊரில் கதை தலைகீழ். இங்கே பல பத்தாண்டுகள் ஷோரூமே கிடையாது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு, அவ்ளோதான். வெளிநாட்டுக் கார் வேணும்னா, தூதரகக்காரர்கள் ஓட்டி முடித்த வண்டியை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும்போது எடுக்கணும். இல்லையென்றால் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர் கொண்டுவரணும். கோடம்பாக்கத்து நட்சத்திரங்களின் ஃபாரின் கார் மோகம் அந்தக் காலத்துச் சமாச்சாரம். எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்று ஒரு கதை சொல்வார்களே, அது இவ்வளவு நாள் நிலைத்திருக்கக் காரணமே இம்பாலா அவ்வளவு அபூர்வமாக இருந்ததுதான்.

இந்த 'ஊர் திரும்புகிறவர்' சலுகையை நல்லா கவனியுங்க. சுங்க பாஷையில் டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ், சுருக்கமாக டி.ஆர். குறைந்தது 2 வருஷம் வெளிநாட்டில் இருந்தவர், தான் அங்கே ஓட்டிக்கொண்டிருந்த காரை வரி கட்டிக் கொண்டுவரலாம். வந்த பிறகு 2 வருஷத்துக்கு விற்கக் கூடாது. நியாயமான ஏற்பாடு. துபாயில் பத்து வருஷம் உழைத்தவர் தன் வண்டியோடு வீடு திரும்பட்டுமே. சிக்கல் எங்கே வந்தது என்றால், பழைய காருக்கு மதிப்பு போடும் முறையில். புதுசாக இருந்தபோது என்ன விலையோ, அதிலிருந்து முதல் வருஷம் காலாண்டுக்கு 4 சதவீதம் கழிவு. அடுத்த வருஷம் காலாண்டுக்கு 3 சதவீதம். இப்படியே போய் அதிகபட்சம் 70 சதவீதம் வரை. அதாவது மூன்று மாசம் வயசு கூடினால் மதிப்பு குறையும், மதிப்பு குறைந்தால் வரியும் குறையும். சுங்க வரியே நூறு சதவீதத்தைச் சுற்றி நிற்கிற ஒரு நாட்டில், காரின் பிறந்த தேதி என்பது ரொக்கப் பணம். அந்தத் தேதியைத் திருத்த ஆசை வரும்.

வந்தது. தமிழ்நாட்டில் இதற்கு மறக்க முடியாத ஒரு வழக்கு இருக்கிறது. 1994-இல் லண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு லெக்சஸ் கார் வந்தது. இறக்குமதி செய்தவர் ம.நடராசன். ஆமாம், வி.கே.சசிகலாவின் கணவர். காகிதத்தில் அது 1993 மாடல், பயன்படுத்திய கார். சிபிஐ சொன்னது, அது 1994-இல் தயாரான புத்தம்புதுக் கார், ஆவணங்கள் போலி, அரசுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு. யோசிச்சுப் பாருங்க, '93' என்பதற்கும் '94' என்பதற்கும் நடுவே ஒரு கோடி. 1994-இன் ஒரு கோடி. 2010-இல் சிபிஐ நீதிமன்றம் நடராசன் உட்பட நான்கு பேருக்குத் தலா 2 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கார் வந்து 23 வருஷம் ஆகியிருந்தது. அடுத்த மார்ச்சில் நடராசன் காலமானார்.

இந்த வழக்கை எல்லோரும் அரசியல் கதையாகத்தான் படித்தோம். எனக்கென்னவோ, பழைய இறக்குமதி கார் வாங்கப் போகிற யாரும் படிக்க வேண்டிய முதல் பாடம் இது என்று தோன்றும். காரணம், இந்தக் குற்றம் வண்டியின் உடம்பில் எந்தத் தழும்பும் விடவில்லை. லெக்சஸ் லெக்சஸாகத்தான் ஓடியிருக்கும். மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனால் 'ஏ ஒன் கண்டிஷன் சார்' என்றுதான் சொல்லியிருப்பார்.

2001 ஏப்ரலில் இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகள் எடுக்கப்பட்டபோது பழைய கார்களுக்கும் பொதுவாசல் ஒன்று திறந்தது, கடுமையான நிபந்தனைகளோடு. வயது 3 வருஷத்துக்குள் இருக்கணும், ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரணும். வரியும் இறங்கவில்லை. 2013 பட்ஜெட்டில் விலையுயர்ந்த புதுக் கார்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 75-லிருந்து 100 சதவீதமாக ஏறியது, பழைய கார்களுக்கு 125. இந்த வரியின் எடை சாதாரண ஜனங்களுக்குப் புரிந்த தருணம் ஒன்று உண்டு. டான் பிராட்மனின் 29 சதங்களைச் சச்சின் சமன் செய்ததற்காக 2002-இல் ஃபெராரி 360 மொடேனா பரிசாகக் கிடைத்ததே, அதற்கு வரி மட்டும் 1.13 கோடி. அரசு தள்ளுபடி செய்யப் போய், ஏன் அவருக்கு மட்டும் என்று சத்தம் கிளம்பி, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஃபியட் கம்பெனி கட்டியது.

சச்சினுக்குக் கட்ட ஒரு கம்பெனி இருந்தது. மற்றவர்கள் டி.ஆர். வாசலைத் தேடினார்கள். 2013 மார்ச் 21-ஆம் தேதி காலை சென்னையில் சிபிஐ சோதனை. தி.மு.க. மத்திய அரசுக்குக் கொடுத்த ஆதரவை வாபஸ் வாங்கி இரண்டே நாள். மு.க.ஸ்டாலின் வீட்டுக்கும் போனதால் அன்றைய டி.வி. முழுக்க அரசியல், பிரதமர் மன்மோகன் சிங்கே வருத்தம் தெரிவித்தார், சோதனை நின்றது. அந்த இரைச்சலில் வழக்கு என்ன என்பது காணாமல் போனது. 33 வெளிநாட்டுக் கார்கள். சலுகையில் கொண்டுவந்து, வரி ஏய்த்து, பெரிய இடங்களுக்கு விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. அரசுக்கு இழப்பு 48 கோடி என்றது சிபிஐ. வாங்கினவர்கள் வீட்டு வாசலில்தான் ஜீப் நின்றது என்பதை மட்டும் நம்ம லிசனர் குறித்துக்கொள்ளட்டும்.

சரி, "நான் வாங்கினவன்தானே, திருடினவன் இல்லையே" என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்ல கேரளாவிலிருந்து ஒரு வழக்கு, அதுவும் சாட்சாத் ஒரு போர்ஷே பற்றி. 2002-இல் ஒருவர் போர்ஷே கரேரா ஒன்றை இறக்குமதி செய்கிறார். அவர் இன்னொருவருக்கு விற்கிறார். அவரிடமிருந்து மூன்றாவதாக ஒருவர் வாங்குகிறார். வருஷங்கள் கழித்து சுங்கத்துறை மூன்றாமவர் கதவைத் தட்டுகிறது: சேசிஸ் நம்பரிலும் தயாரிப்பு ஆண்டிலும் கோல்மால் நடந்திருக்கிறது, வரிப் பாக்கி 17,92,847 ரூபாய், கட்டுங்கள். அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார், ஜெயித்தார். கேரள உயர் நீதிமன்றத்தில் தோற்றார். உச்ச நீதிமன்றம் 2024 இறுதியில், பின்னால் வாங்கியவரைச் சட்டப்படி இறக்குமதியாளர் என்று சொல்ல முடியாது, அவரிடம் அந்த வரியைக் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. என்ன, கார் இந்தியாவில் இறங்கி 22 வருஷம் ஆகிவிட்டது. தவிர, அந்தத் தீர்ப்பு வரிப் பாக்கியைப் பற்றியது. கள்ள வழியில் வந்த பொருளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்கிற அதிகாரம், பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்து மறைந்துவிடுவதில்லை.

இப்போ குயிலாப்பாளையம் வண்டிக்கு வருவோம். அது இங்கே வர மூன்று நான்கு வாசல்தான் சாத்தியம், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு காகிதம் உண்டு. எல்லாவற்றுக்கும் தாய் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது துறைமுகத்தில் காருக்காகத் தாக்கல் செய்த சுங்க ஆவணம். எந்தத் துறைமுகம், எந்தத் தேதி, யார் பேரில், என்ன மதிப்பு, எவ்வளவு வரி, சேசிஸ் நம்பர் என்ன, எல்லாம் அதில் இருக்கும். விற்கிறவர் 'அது எங்கேயோ இருக்கு, ஆர்.சி. புக் இருக்கே' என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கலாம். ஆர்.சி. என்பது வண்டி பதிவானதற்கு அத்தாட்சி, வரி கட்டி வந்ததற்கு அல்ல. டி.ஆரில் வந்திருந்தால் முதல் ஓனர் பெயரும் இறக்குமதியாளர் பெயரும் ஒன்றாக இருக்கணும், முதல் கைமாற்றம் 2 வருஷத்துக்குப் பிறகு நடந்திருக்கணும். தூதரக வண்டி என்றால் விற்பனைக்குச் சுங்க அனுமதி இருக்கணும். ஆரோவில் பக்கம் என்பதால் இன்னொன்றும் சொல்லிடறேன்: சுற்றுலாப் பயணிகள் கார்னே என்ற ஆவணத்தில் வரி கட்டாமல் வண்டியோடு வரலாம், ஆனால் குறித்த மாதங்களுக்குள் அந்த வண்டி திரும்பிப் போயே ஆகணும். அப்படி வந்த வண்டியை இங்கே யாருக்கும் விற்க முடியாது, யார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

அப்புறம் பிறந்த தேதி. சேசிஸ் நம்பர் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது, ஒன்று பூஜ்யத்தோடு குழம்பும் என்பதால். போலி அடிக்கிறவர்கள் சில சமயம் இதையே கோட்டை விடுவார்கள். அமெரிக்க முறையில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லும்: 1993-க்கு பி, 1994-க்கு ஆர். ஐரோப்பியச் சந்தைக்காகச் செய்த சில வண்டிகளில் இந்த விதி இருக்காது, அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அந்த நம்பர் கண்ணாடிக்குக் கீழே, கதவுத் தூண் ஸ்டிக்கரில், பாடி இரும்பில் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கும். கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்தால் உள்ளேயும் இருக்கும். எல்லாம் ஒன்றேதானா? இரும்பில் அடித்த எழுத்துகள் ஒரே ஆழமா, சுற்றிலும் கிரைண்டர் தேய்ச்ச தடம், புது பெயின்ட் தெரியுதா? சீட் பெல்ட்டின் அடியில் ஒரு துணி லேபிள் தொங்கும், அதில் பெல்ட் தயாரான தேதி. கண்ணாடி ஒவ்வொன்றின் மூலையிலும் வருஷக் குறி. ஆர்.சி.யில் 2009 என்று இருக்கிற வண்டியில் சீட் பெல்ட் நான்கும் 2011 என்று சொன்னால், யாரை நம்புவீங்க? டயரை இதற்குப் பார்க்காதீங்க, டயர் மாறிக்கொண்டே இருக்கும். அதிலிருக்கும் 2319 என்பது 2019-இன் 23-வது வாரம், டயரின் வயசு மட்டும்தான்.

அந்த சேசிஸ் நம்பரை எழுதிக்கொண்டு போர்ஷே சர்வீஸ் சென்டரில் கேட்டால், எந்தச் சந்தைக்காகச் செய்த வண்டி, என்ன கலரில் வெளியே வந்தது, என்னென்ன பாகங்களோடு வந்தது என்று அறிய முடியும். வெள்ளையாகப் பிறந்த கார் மஞ்சளாக நிற்பதில் தப்பில்லை, அது ஏன் என்று விற்கிறவருக்குத் தெரிந்திருக்கணும். திருட்டு வண்டியா என்று பார்க்க தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' இருக்கிறது. அது இந்தியாவுக்குள் திருடப்பட்டதை மட்டும் சொல்லும் என்பது நினைவிருக்கட்டும்.

மிச்சம் இருப்பது அந்த பி.ஒய். நம்பர். இதில் இறக்குமதிக்குச் சம்பந்தமே இல்லாத தனிப் பஞ்சாயத்து இருக்கிறது. புதுச்சேரியில் சாலை வரி பக்கத்து மாநிலங்களைவிட மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். கோடி ரூபாய்க் காருக்கு 20 லட்சம்! கேரளாவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அதனால் கொச்சியிலும் சென்னையிலும் ஓடுகிற சொகுசுக் கார்கள் பல, புதுச்சேரியில் ஏதோ ஒரு தெருவில் 'குடியிருக்கின்றன'. 2017-இல் கேரளாவில் சில திரை நட்சத்திரங்களின் கார்கள் இப்படிச் செய்தியில் அடிபட்டன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: வண்டி வழக்கமாக நிற்கிற ஊரில், ஓனரின் வீடோ தொழிலோ இருக்கிற இடத்தில்தான் பதிவு. 47-வது பிரிவு, வேற மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு என்கிறது. குயிலாப்பாளையத்தில் நிற்கிற வண்டி, பதிவு நடந்த ஊரிலிருந்து பைக்கில் கால் மணி நேரம். ஆனாலும் அது வேற மாநிலம். நம்ம லிசனர் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து ஒழுங்காகத் தன் பெயருக்கு மாற்றினால் தமிழ்நாட்டு வரி அவர் தலையில். மாற்றாமல் ஓட்டினால், யாரோ ஒருத்தர் பெயரில், யாரோ ஒருத்தர் முகவரியில் இருக்கிற காருக்கு இவர் பணம் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

மாநில வரி இருக்கே, அது சுங்கத்தைவிடப் பொறுமைசாலி. நடிகர் விஜய் 2012-இல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் நேர்வழியில் வந்த கார்தான். அதற்கு நுழைவு வரி உண்டா இல்லையா என்கிற கேள்வி 2021 ஜூலையில்தான் உயர் நீதிமன்றத்தில் முடிவானது. மனு தள்ளுபடி, ஒரு லட்சம் அபராதம். நீதிபதி சொன்ன கடுமையான வார்த்தைகளை மேல்முறையீட்டு அமர்வு அடுத்த ஜனவரியில் நீக்கியது. வரி வரியாகவே நின்றது.

வாசல்கள் மாறிக்கொண்டே இருக்கு. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்று இறங்கியது. நும்கோர் என்றால் பூட்டான் மொழியில் வண்டி. பூட்டானில் ஓடின பழைய வண்டிகள் எல்லை தாண்டி வந்து, போலிக் காகிதத்தில் வேற மாநிலங்களில் பதிவாகி, கேரளாவில் விற்பனையாகின என்பது குற்றச்சாட்டு. அந்த போலிக் காகிதக் கும்பலின் தொடர்பு கோயம்புத்தூர் வரை வருகிறது என்றார்கள். விசாரணை நடக்கிறது, அதற்குமேல் பேச வேண்டாம். கவனிக்க வேண்டியது, அந்தக் கார்களுக்கும் ஆர்.சி. புக் இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிஜமாகவே பதிவானவை.

இன்ஜின் கேட்டீங்க இல்ல? அந்தக் காலத்து போர்ஷேக்களில், 1990-களின் கடைசியிலிருந்து 2000-களின் நடுப்பகுதி வரை வந்த 911-லும் பாக்ஸ்டரிலும், இன்ஜினின் பின்பக்கம் ஐ.எம்.எஸ். என்று ஒரு பேரிங் இருக்கிறது. அது போனால் இன்ஜினே போச்சு. மாற்றியிருக்கிறார்களா, எந்த வருஷம், பில் எங்கே என்று கேளுங்க. எண்ணெய் ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கா என்று பார்க்கத் தெரிந்த ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அந்த ரிப்பேருக்கு ஆகும் செலவைக் கேட்டால் தலை சுத்தும், ஆனாலும் அது பேரம் பேசக் கூடிய ஒரு தொகை. போவதற்கு முன்னால் விற்கிறவரிடம் ஒரு போன் போட்டு, பில் ஆஃப் என்ட்ரியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அது வராமல் ஈ.சி.ஆர். டோல்கேட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.